மயாமியில் ஆறு மைதானங்களா?

கேள்வி: வினாடி-வினா நிகழ்ச்சிக்காக, அமெரிக்கக் கால்பந்தின் ஆண்டு இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டங்கள் நடந்த மைதானங்களைத் தொகுத்து வருகிறேன். மயாமிக்கு மட்டும் ஆறு பெயர்கள் வருகின்றன. இருக்கைகளும் ஓரிடத்தில் 75,000, இன்னோரிடத்தில் 65,000 என்று இருக்கின்றன. எதை எழுதுவது?

பதில்: ஆறு பெயர்கள் சரி, மைதானங்கள் இரண்டுதான். 1979 வரை ஐந்து சூப்பர் பவுல் ஆட்டங்கள் ஆரஞ்ச் பவுல் என்ற பழைய மைதானத்தில் நடந்தன. 2008-இல் அதை இடித்துவிட்டார்கள். மீதி ஐந்து பெயர்களும் இன்றைய மயாமி கார்டன்ஸ் நகரில் 1987-இல் திறக்கப்பட்ட ஒரே மைதானத்துக்கு உரியவை.

டால்ஃபின்ஸ் அணியை நிறுவியவர்களில் ஒருவரான ஜோ ராபி, தனியார் பணத்தைத் திரட்டிக் கட்டிய மைதானம் அது. முதலில் அவர் பெயர்தான் இருந்தது. 1989, 1995 ஆட்டங்கள் அந்தப் பெயரில் நடந்தன. அவர் இறந்த சில ஆண்டுகளில், 1996-இல், ஒரு விளையாட்டு உடை நிறுவனத்துக்காகப் புரோ பிளேயர் ஆனது. கட்டியவர் பெயரை அழித்து உடைக்கு விளம்பரம் வைத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த உடையின் தாய் நிறுவனம் 1999-இல் திவால் மனு கொடுத்தது. பெயர்ப் பலகையோ 2005 வரை இறங்கவில்லை! பிறகு டால்ஃபின்ஸ், அடுத்த ஆண்டே கடைசி எழுத்து உதிர்ந்து டால்ஃபின், 2009-இல் ஒரு பீர் பெயரான லேண்ட் ஷார்க், 2010 ஜனவரியில் சன் லைஃப், 2016-இல் ஹார்ட் ராக். டால்ஃபின்ஸ், லேண்ட் ஷார்க் என்ற இரண்டு பெயர்களிலும் சூப்பர் பவுல் எதுவும் நடக்காததால்தான் அவை உங்கள் கண்ணில் படவில்லை.

ஆகவே பட்டியலை மைதானத்தின் பெயரில் தொடங்காதீர்கள். ஊரையும் திறந்த ஆண்டையும் முதலில் எழுதி, பெயர்களை ஆண்டு வாரியாக அதன்கீழ் வையுங்கள். டென்வரில் சூப்பர் பவுல் நடந்ததில்லை, ஆனாலும் அந்த ஊர் மைதானங்களை எழுத நேர்ந்தால் இந்த முறை இன்னும் அவசியம். அங்கே பழைய மைல் ஹை மைதானத்தை இடித்துவிட்டார்கள். 2001-இல் பக்கத்திலேயே திறந்த புது மைதானத்தின் பெயரிலும் ‘மைல் ஹை’ தொடர்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இருக்கைக் கணக்கில் நீங்கள் கண்ட இரண்டு எண்களுமே சரியானவை, காலம்தான் வேறு. 2015-16 புதுப்பிப்பில் மயாமியில் சுமார் 10,000 இருக்கைகளைக் குறைத்தார்கள். வசதியான இடங்களுக்குக் கூடுதல் விலை வைக்கலாம் என்ற கணக்கு. 1989 சூப்பர் பவுலுக்கு 75,129 பேர் வந்தார்கள். 2020-இல் 62,417 பேர். ரசிகர்களுக்கு ஆர்வம் வற்றிவிட்டது என்று இதை வைத்து எழுதிவிடாதீர்கள்.

வந்தவர்கள் எண்ணிக்கையும் கொள்ளளவும் வேறு வேறு. டாலஸ் கௌபாய்ஸ் அணியின் மைதானத்தில் இருக்கைகள் சுமார் 80,000. 2009-இல் அங்கே நடந்த ஒரு ஆட்டத்துக்கு 1,05,121 பேர் வந்தார்கள், நின்று பார்த்தவர்களையும் சேர்த்து. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தின் அதிகாரபூர்வக் கொள்ளளவு 1,07,601. கடைசியில் உள்ள அந்த ஒன்று, முன்னாள் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்கு ஒதுக்கிய இடம் என்பார்கள். அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. 2013-இல் அங்கே கூடியவர்கள் 1,15,109 பேர். உங்கள் வினாவில் ‘கொள்ளளவு’ என்றோ ‘வருகை’ என்றோ தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் மேடையிலேயே வாக்குவாதம் வரும்.

இன்னொன்று. 2026 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக ஃபிஃபா இதே இடத்துக்கு ‘மயாமி ஸ்டேடியம்’ என்று பெயர் வைத்திருக்கிறது. தன் விளம்பரதாரர் அல்லாத நிறுவனப் பெயர்களை அது மைதானங்களில் அனுமதிப்பதில்லை. ஏழாவது மைதானமாக இதைச் சேர்த்துவிடாதீர்கள்.