ஏட்டையா மகன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் ஒரு தீபாவளிக்கும் அவர் வீட்டில் இருந்த ஞாபகம் இல்லை. நாலு ஊர், ஐந்து பள்ளி. ஆனால் போன இடமெல்லாம் மரியாதை இருந்தது. ஏட்டையா மகன் என்றால் கடையில் காசு வாங்க மாட்டார்கள், தியேட்டரில் டிக்கெட் கேட்க மாட்டார்கள். எனக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. அப்பா நாள் முழுக்க டிவி முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

(சுருக்கப்பட்டது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

நானும் ஏட்டு மகன்தான், போலீஸ் லைன் வீட்டில் வளர்ந்தவன். கொஞ்ச நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

பள்ளி மாறியதை விடுங்கள். பேங்க் மேனேஜர் பிள்ளைகளும்தான் மாறுகிறார்கள். தீபாவளிக் கோபம் நியாயம், ஆனால் அதை அப்பா மேல் காட்டாதீர்கள். தமிழ்நாட்டில் காவலர் முதல் ஏட்டு வரை வாரம் ஒருநாள் ஓய்வு என்று ஆணை வந்ததே 2021-ல்தான். சங்கம் வைத்துக் கேட்கலாம் என்றால் 1966-ஆம் வருடச் சட்டம் குறுக்கே நிற்கிறது. பந்தோபஸ்து என்றால் கிளம்ப வேண்டியதுதான். அவர் யாரிடம் போய் லீவு கேட்பார், பாவம்?

ஆனால் 'மரியாதை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சுருக்கென்றது. நாற்பது வயதிலுமா? காசு வாங்காதது மரியாதை இல்லை தம்பி, பயம்.

நாங்கள் இருந்த ஊரில் ஒரு மளிகைக்கடைக்காரர். நான் போனால் கூட்டத்தை விலக்கி எனக்கு முதலில் பொட்டலம் கட்டுவார். காசை நீட்டினால், "அப்பாகிட்ட வாங்கிக்கிறேன் தம்பி" என்று சிரிப்பார். அப்பாவுக்கு மாற்றல் வந்து லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு நீள நோட்டோடு வந்து நின்றார். அரைக் கிலோ சீனி, நூறு கடுகு, எனக்குக் கொடுத்த கடலைமிட்டாய் எல்லாம் தேதி போட்டு எழுதியிருந்தது. மரியாதைக்காரர் எதற்குக் கணக்கு எழுதுகிறார்? அப்பா அந்த ஸ்டேஷனில் இருந்தவரை மனிதர் வாய் திறக்கவில்லையே! அப்பா முறைத்தார். அம்மா நோட்டை வாங்கிக் கூட்டிப் பார்த்தாள். அடுத்த ஊரிலிருந்து மாதாமாதம் மணியார்டர் அனுப்பித் தீர்த்தாள்.

இதில் இன்னொரு கூத்து உண்டு. கடைக்காரர் பயப்படும் அதே போலீஸ்காரர், அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டுவார், காய்கறி வாங்கி வருவார். ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்தாயிற்று, காகிதத்தில். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதே விஷயத்துக்காக மறுபடி கண்டிக்க வேண்டியிருந்தது. அந்த அதிகாரிகளின் பிள்ளைகளும் அதை மரியாதை என்றுதான் நினைத்து வளர்ந்திருப்பார்கள். உங்களைப் போலவே.

சரி, அப்பாவிடம் எப்படிப் பேசுவது? முதலில் டிவியை அணையுங்கள். வேலை பார்த்த ஸ்டேஷன்களை வரிசையாகக் கேளுங்கள். எங்கே பாரா என்று காவல் நின்றார், எங்கே ரைட்டராக எழுத்து வேலை பார்த்தார், எந்த இன்ஸ்பெக்டர் மோசம் என்று கேளுங்கள். பேச ஆரம்பித்தால் ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட அவரை எழுப்ப முடியாது.

அப்புறம், உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பா இல்லாத அத்தனை தீபாவளிக்கும் உங்கள் தலையில் எண்ணெய் வைத்தது யார்? அதை எழுதி அனுப்புங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.