இறுக்கத் தெரிந்தால் போதாது, விடவும் தெரிய வேண்டும்: இடுப்புத் தளம் பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "கேட்கவே கூச்சமாக இருக்கிறது" என்றுதான் தொடங்குகின்றன. 16 வருடமாக இடுப்புத் தளப் பிசியோதெரபி ஒன்றையே பார்த்து வருகிறேன், எனக்குக் கூச்சம் விட்டுப்போய் ரொம்ப நாளாயிற்று. தாராளமாகக் கேளுங்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: இடுப்புத் தளம் என்கிறீர்களே, அது எங்கே இருக்கிறது?

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான். முன்னால் பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டிய மாதிரி ஒரு தசைக் கூட்டம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் கீழிருந்து தாங்குகிறது. தாங்க வேண்டும், வாசலை மூட வேண்டும், வேளை வந்தால் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அந்த மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: வயது 46. இருமினால், தும்மினால் கசிகிறது. இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு இது சகஜம் என்கிறார்கள். ஆறு வாரமாகக் கெகல் (இடுப்புத் தளத் தசையை இறுக்கி விடும் பயிற்சி) செய்கிறேன், ஒன்றும் தெரியவில்லை.

சகஜம்தான். பல்வலியும் சகஜம்தான், அதற்காக அப்படியே விட்டுவிடுகிறோமா?

ஆறு வாரம் போதாது. தசை பலப்படக் குறைந்தது மூன்று மாதமாவது கொடுங்கள். ஒரு வேளைக்கு 8 முறை, நாளைக்கு 3 வேளை என்பது பொதுவான அளவு. ஆனால் எண்ணிக்கைக்கு முன்னால் செய்முறையைப் பாருங்கள். வாயு வெளியேறாமல் அடக்குவது போலப் பின்பக்கம் சுருக்குங்கள், அதை அப்படியே முன்பக்கமாகவும் மேலாகவும் இழுங்கள். மூச்சைப் பிடிக்கக் கூடாது, பிட்டமும் தொடையும் இறுகக் கூடாது. சில நொடி பிடித்துவிட்டு, அதே அளவு நேரம் முழுதாகத் தளர விடுங்கள். ஒரு கைக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். மலவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள பகுதி உள்ளே போனால் சரி. வெளியே பிதுங்கினால் நீங்கள் முக்குகிறீர்கள். இத்தனை நாள் தலைகீழாகச் செய்தவர்கள் என்னிடம் நிறையப் பேர் வந்திருக்கிறார்கள்.

அப்புறம், இருமல் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு கணம் முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். இதைப் பழகினாலே கசிவு குறையும்.

ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-ல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதியபோது, சரியாகத்தான் சுருக்குகிறோமா என்று அந்தப் பெண்ணே பார்த்துக்கொள்ள ஓர் அழுத்தமானியையும் வைத்திருந்தார். பயிற்சி உலகம் சுற்றியது, கருவியை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கேள்வி: சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகலாமா?

எந்தத் தசை என்று கண்டுபிடிக்க ஒரு தடவை செய்து பாருங்கள், அவ்வளவுதான். அதையே பயிற்சியாக வைத்துக்கொண்டால் பை முழுதாகக் காலியாகாது.

கேள்வி: அக்கா, எனக்கு 27. திருமணமாகி ஒரு வருடம், உறவு கொள்ள முடியவே இல்லை. உள்ளே சுவர் இருப்பது போல. மருத்துவர் சோதிக்க வந்தபோதும் உடம்பு தானாக இறுகிவிட்டது. "மனசைத் தளர்த்திக்கோ" என்கிறார்கள். கெகல் செய்தால் சரியாகுமா?

வேண்டாம் தங்கச்சி. இப்போதைக்குக் கெகல் பக்கமே போகாதீர்கள்.

தொழிலுக்கு வந்த புதிதில் யார் வந்தாலும் ஒரே பயிற்சித் தாளை நீட்டுவேன். அப்படி வாங்கிப்போன ஒரு பெண் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு, வலி கூடிப்போய் நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்தார். அவரைச் சோதிக்காமலே கொடுத்தது என் தவறு. கையை நன்றாக முட்டி பிடியுங்கள். இப்போது இன்னும் இறுக்குங்கள் என்றால் எங்கே இறுக்குவது? அவருடைய தசை அப்படித்தான் இருந்தது. இறுகிய தசைக்கும் பலம் குறைவுதான், அதனால் அதிலும் கசிவு வரலாம்.

நீங்கள் சொல்வதற்கு வஜைனிஸ்மஸ் என்று பெயர். பயத்தில் தசை இறுகும், இறுகினால் வலிக்கும், அந்த வலி அடுத்த பயத்துக்கு விதை. மனசு மட்டும் காரணமில்லை, உடம்பு மட்டும் காரணமில்லை. தொற்று, தோல் பிரச்சினை, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளர்வது) போன்றவை இல்லை என்று முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு மெல்ல எழும்பும்படி மூச்சை இழுங்கள். மூச்சு உள்ளே வரும்போது இடுப்புத் தளமும் கொஞ்சம் கீழே இறங்கும். அதை உணரத் தெரிவதுதான் முதல் பாடம். அடுத்து உங்கள் விரல் நுனி, பிறகு விரல் பருமன்கூட இல்லாத டைலேட்டர் (தசையைப் பழக்க உள்ளே வைக்கும் வழவழப்பான குழல்), அது பழகிய பிறகு அடுத்த அளவு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். எப்போது நிறுத்துவது என்பது உங்கள் கையில் மட்டுமே இருக்க வேண்டும். அது முடியும் வரை உறவுக்கு முயற்சி செய்ய வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு சிசேரியன்தானே, இதெல்லாம் தேவையா? எப்போது மறுபடி ஓடலாம்?

ஒன்பது மாதம் சுமந்தது அதே தசைதானே. ஓட்டத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் பொறுங்கள். அதற்குப் பிறகும் கசிவோ கீழே பாரமோ தெரிந்தால் நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு 15 வயது, ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறாள். குதிக்கும்போது உள்ளாடை நனைகிறது. இந்த வயதிலா?

ஆமாம், வருவதுண்டு. குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை உடம்பில் ஏறுகிறது, அந்த அதிர்வை அந்தத் தசையும் தாங்க வேண்டும். பயந்துபோய்த் தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாளா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உள் பரிசோதனை தேவையில்லை, அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்தே தசை தூக்குவதைப் பார்க்கலாம்.

பெரியவர்களுக்கும் உள் பரிசோதனை கட்டாயமில்லை. கையுறை போட்ட ஒரு விரல்தான், அதுவும் உங்கள் சம்மதத்தோடு. நடுவில் "போதும்" என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும். நிறுத்தாதவரிடம் மறுபடி போகாதீர்கள்.

கேள்வி: அம்மா, எனக்கு 63. குளிக்கும்போது கீழே உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, சாயங்காலமானால் பாரம். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

உடனே அந்த முடிவுக்குப் போகாதீர்கள் அம்மா. இறங்கியிருப்பது கர்ப்பப்பையா, சிறுநீர்ப்பையா, மலக்குடலா, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். லேசான இறக்கத்தில் பயிற்சியால் பாரம் குறையும். வெளியே வந்துவிட்டதைப் பயிற்சி மேலே தூக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு உள்ளே வைத்துத் தாங்கும் பெசரி என்ற சிலிகான் வளையம் இருக்கிறது. அறுவை சிகிச்சையும் இருக்கிறது. வறட்சி இருந்தால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்றைக்கே செய்ய ஒன்று: கழிப்பறையில் காலுக்கு அடியில் ஒரு சின்ன முக்காலி. முழங்கால் இடுப்பை விட உயரட்டும், முன்னால் சாய்ந்து உட்காருங்கள், முக்காதீர்கள்.

கேள்வி: கிளம்பும் முன் "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒருமுறை போய்விடுவேன். இப்போது கதவில் சாவியைப் போட்டாலே அடக்க முடியவில்லை.

அந்த "எதற்கும் இருக்கட்டும்"தான் பையைக் கெடுத்திருக்கும். பகலில் ஆறேழு தடவை போனால் போதும். மூன்று நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துவையுங்கள். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்று, சட்சட்டென்று நாலைந்து முறை இறுக்கி விடுங்கள், அலை அடங்கிய பிறகு நடந்து போங்கள். இடைவெளியைப் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். காபியைக் குறையுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: பிசியோவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியது எப்போது?

சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு இருந்தால் தாமதிக்காதீர்கள். திடீரெனச் சிறுநீர் வராமல் நின்று, தொடை இடுக்கும் மலவாய்ப் பகுதியும் மரத்துப்போனால் அந்த நிமிடமே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம்.