ஜீன்ஸ் பாக்கெட்டில் ஒரு பொட்டலம்: பெற்றோர் கேள்விகள், போதை மீட்பு ஆலோசகர் பதில்கள்

மதுரையிலிருந்து ஓர் அம்மா: வணக்கம் மேடம். பையன் ப்ளஸ் ஒன், 16 வயசு. நேற்று துணி ஊறப்போடும்போது ஜீன்ஸ் பாக்கெட்டில் மடிச்ச பேப்பர் பொட்டலமும், சுருட்டுற மெல்லிசான தாளும் இருந்தது. காய்ந்த இலை மாதிரி, ஒரு நெடி. அவங்க அப்பாவுக்கு இன்னும் சொல்லலை, சொன்னா கை நீட்டிடுவார். நான் என்ன செய்யணும்?

பதில்: நீங்கள் சொல்வது கஞ்சா போலத்தான் தெரிகிறது. இன்று இரவே பேச வேண்டாம். நீங்கள் பதற்றத்தில் இருக்கிறீர்கள். அவன் போதையில் வந்து நின்றால் சொல்வது எதுவும் அவனுக்குள் இறங்காது; புகைத்த கஞ்சாவின் வேகம் 2 முதல் 4 மணி நேரம் வரை இருக்கும். நாளை மாலைக்குத் தள்ளுங்கள். ஒரு நாள் போனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஒரு வாரம் போனால், "தெரிஞ்சும் கேக்கலை" என்று அவன் கணக்குப் போட்டுவிடுவான்.

அதற்குள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைத்தால் "அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேம்மா" என்பதே அவன் கைக்கு ஒரு பிடியாகிவிடும். "கை நீட்டமாட்டேன்" என்று வாக்கு வாங்கிக்கொண்டு விஷயத்தைத் திறங்கள். அவர் மதிக்கும் ஒருவர், தாய்மாமனோ பெரியப்பாவோ, பக்கத்தில் இருந்தால் நல்லது. ஆனால் அந்த ஒருவரோடு நிற்கட்டும்.

பொட்டலத்தைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். ஆதாரம் என்று பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் வைத்திருப்பதே குற்றம். போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது அதைவிடப் பெரிய தப்பு.

பேசும்போது "இது என்னடா?" என்று தெரியாததுபோல் தொடங்காதீர்கள். அது பொய் சொல்ல வைக்கும் கேள்வி. "உன் ஜீன்ஸ்ல கஞ்சா இருந்தது. நானும் அப்பாவும் பார்த்தோம். எங்களுக்குப் பயமா இருக்கு. எப்படி ஆரம்பிச்சது, சொல்லு." இவ்வளவுதான். பிறகு நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. கஷ்டமான பகுதி அதுதான். 20 நிமிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். மார்க்கு, குடும்ப மானம், அக்கா கல்யாணம் எல்லாம் இந்தப் பேச்சுக்குள் வரவேண்டாம்.

கோவையிலிருந்து ஓர் அப்பா: "என்னுது இல்லப்பா, ஃப்ரெண்டு வெச்சுக்கச் சொன்னான்" என்கிறான். எப்படி நம்புவது?

பதில்: நம்பவும் வேண்டாம், பொய் என்று நிரூபிக்கவும் வேண்டாம். யாருடையது என்ற விசாரணையில் நீங்கள் ஜெயித்தாலும் உங்களுக்குத் தேவையான தகவல் கிடைக்காது. "சரி, யாருதோ இருக்கட்டும். நீ எத்தனை தடவை இழுத்திருக்கே?" என்று கேளுங்கள்.

தெரிய வேண்டியது மூன்றுதான்: எத்தனை நாளைக்கு ஒரு முறை, யாரோடு, எதற்காக. பிறந்தநாள் கூட்டத்தில் இரண்டு இழுப்பு என்பதும், தூக்கம் வருவதற்காகத் தினமும் மொட்டை மாடியில் தனியாக என்பதும் ஒரே பிரச்சினை அல்ல. முன்னதற்கு வீட்டு விதிகளும் கண்காணிப்பும் பெரும்பாலும் போதும். பின்னதற்கு மருத்துவர் வேண்டும்.

பதின்வயதினருக்கு மருத்துவர்கள் கேட்கும் ஆறு கேள்விகள் உண்டு. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் போனாயா, அல்லது நீயே ஓட்டினாயா? மனசு லேசாக, கூட்டத்தோடு ஒட்டப் பயன்படுத்துகிறாயா? தனியாக இருக்கும்போதும் உண்டா? செய்தது மறந்துபோகிறதா? வீட்டிலோ நண்பர்களோ குறைக்கச் சொன்னார்களா? இதனால் வம்பில் மாட்டினாயா? இரண்டுக்கு "ஆமாம்" வந்தாலே மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பார்க்க வேண்டும். பலர் உங்களிடம் உண்மை சொல்லமாட்டார்கள். ஆலோசகரிடம் தனி அறையில் சொல்வார்கள். அப்போது வெளியே உட்காரச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

திருப்பூரிலிருந்து ஓர் அப்பா: ஆன்லைனில் சிறுநீர் சோதனைக் கிட் கிடைக்கிறது. வாங்கி வாராவாரம் பார்க்கலாமா? நேற்று ஒன்று பார்த்தோம், இரண்டு கோடு வந்தது. பயங்கர சண்டை.

பதில்: அந்தச் சண்டைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது நீங்கள்தான் என்று தோன்றுகிறது. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு என்றால் "உண்டு". போதைச் சோதனைப் பட்டை நேர் எதிர்: சி (பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் இடம்), டி (சோதனை முடிவு காட்டும் இடம்) இரண்டிலும் கோடு வந்தால் "இல்லை". டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் "இல்லை"தான். சி மட்டும் வந்து டி வராவிட்டால்தான் "உண்டு". சி வராவிட்டால் பட்டையே பழுது. உறையில் போட்ட நேரத்தில், பெரும்பாலும் 5 நிமிடத்தில், பார்த்துவிட வேண்டும். அரை மணி கழித்துக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பட்டை சரியாகச் சொன்னாலும் அது சொல்வது கொஞ்சம்தான். வழக்கமான பட்டை ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம் என்ற அளவில் பிடிக்கும். ஒரே ஒரு முறை இழுத்தவருக்குச் சுமார் 3 நாள் வரை காட்டலாம். தினமும் நிறையப் புகைத்தவருக்கு, நிறுத்திய பிறகும் ஒரு மாதம்வரை காட்டலாம். கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் உடல் கொழுப்பில் தங்கி மெதுவாகக் கசிவதே காரணம். அதனால் மூன்று வாரம் முன்பு உண்மையாகவே நிறுத்திய பிள்ளையைப் பட்டை பொய்யனாக்கும். நான்கு நாள் முன்பு இழுத்தவனை உத்தமனாக்கும். செயற்கைக் கஞ்சா வகைகள் இந்தப் பட்டையில் சிக்குவதே இல்லை. நிறையத் தண்ணீர் குடித்து நீர்க்கச் செய்வது பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தை.

தெரியாமல் சிறுநீர் எடுப்பது, கதவைத் திறந்து வைத்து நிற்கச் சொல்வது இரண்டும் கூடாது. சோதனை தேவை என்றால் மருத்துவர் முடிவு செய்யட்டும், பையன் சம்மதத்தோடு.

சேலத்திலிருந்து ஓர் அம்மா: நாலு பசங்களை போலீஸ் பிடிச்சிட்டாங்க. என் பையனுக்கு 17. ஒருத்தனுக்கு 19. மொத்தம் 40 கிராம்னு சொல்றாங்க. இவன் வாழ்க்கை போச்சா?

பதில்: போகவில்லை. முதலில் வயதுச் சான்றோடு ஓடுங்கள்: பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். 18 முடியாதவரை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு 1 கிலோ வரை "சிறு அளவு". அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பயன்படுத்தியதற்கு மட்டும் என்றால் ஆறு மாதம் வரை. இவை பெரியவர்களுக்கான அளவுகோல். சிறாருக்குக் கண்டிப்பு, ஆலோசனை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று போகும். இப்படிச் சின்னக் குற்றம் என்றால் சிறார்மீது வழக்கமாக எஃப்ஐஆர் போடுவதில்லை. 19 வயதுப் பையன் கூட இருப்பதால் இங்கே போடலாம். அப்போதும் உங்கள் மகன் விஷயம் தனியாகக் குழுமத்துக்குத்தான் போகும். அவன் பெயர், படம், பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டப்படி முடிந்த வழக்கு பின்னால் வேலைக்கோ படிப்புக்கோ தகுதியிழப்பு ஆகாது.

வக்கீலுக்கு வழியில்லை என்றால் 15100 எண்ணில் இலவசச் சட்ட உதவி கேளுங்கள். "கேஸ் இல்லாம முடிச்சுத் தர்றேன்" என்று ஸ்டேஷன் வாசலில் வரும் ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இன்னொன்று: பழக்கத்துக்கு அடிமையானவர் சிறு அளவு வழக்கில் தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாக முடித்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சைக்குப் போனால் போலீசில் மாட்டுவோம் என்று பயந்து வீட்டில் முடங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருச்சியிலிருந்து ஓர் அக்கா: தம்பி ஹாஸ்டல்ல யாரோ கொடுத்த கஞ்சா சாக்லேட் சாப்பிட்டிருக்கான். "ஒண்ணும் ஏறலை"னு இன்னொன்னும் சாப்பிட்டு, ராத்திரி செத்துப்போயிடுவேன்னு கத்தியிருக்கான். ஏன் இப்படி?

பதில்: புகை சில நிமிடத்தில் ஏறும். தின்றால் அரை மணி முதல் 2 மணி நேரம் பிடிக்கும், 8 மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கும். ஏறவில்லை என்று இரண்டாவதைப் போட்டதில் இரண்டும் சேர்ந்து தாக்கியிருக்கிறது. நெஞ்சு படபடப்பு, உயிர் போகிற பயம், நேரம் நகராத உணர்வு எல்லாம் வரும். வெளிச்சம் குறைந்த அறை, பக்கத்தில் ஒருவர், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், "இது இறங்கிவிடும்" என்ற பேச்சு போதும். மோர், எலுமிச்சை என்று வாயில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், புரையேறும். எழுப்பியும் எழாவிட்டால், வலிப்பு, நெஞ்சுவலி, நிற்காத வாந்தி இருந்தால் 108. என்ன சாப்பிட்டான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

வேலூரிலிருந்து ஓர் அம்மா: "இது மூலிகைம்மா, கனடாவுல கடையிலயே விக்குறாங்க"னு வாதாடுறான். பதில் சொல்லத் தெரியலை.

பதில்: அவன் சொல்வதில் பாதி உண்மை, அதை ஒத்துக்கொண்டு தொடங்குங்கள். கனடாவில் 2018 முதல் சட்டப்படி விற்கிறார்கள். ஆனால் அங்கேயும் 16 வயதுக்காரனுக்குக் கிடையாது: பெரும்பாலான மாகாணங்களில் 19, கியூபெக்கில் 21. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு அனுமதித்த மாநிலங்களில் 21. பதின்வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது இந்த வயது வரம்புக்கு ஒரு காரணம். திட்டமிடும், அடக்கிக்கொள்ளும் முன்மூளை 25 வயதுவாக்கில்தான் முழுமையாகிறது. பயன்படுத்தியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்வயதில் தொடங்கியவர்களில் சுமார் ஆறில் ஒருவர். "ஒரு இழுப்பு இழுத்தா பைத்தியம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இழுத்த நண்பன் நன்றாக இருப்பதை அவன் தினமும் பார்க்கிறான். அதோடு உங்கள் மற்ற பேச்சும் பொய்யாகிவிடும்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பாட்டி: பேரனைக் கோயில்ல சூடம் அடிச்சு சத்தியம் பண்ண வெச்சோம். போதுமாய்யா?

பதில்: போதாதம்மா. செய்ததில் தப்பில்லை. ஆனால் சத்தியம் உடைந்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டான். "தப்பித் தவறி நடந்தாலும் ஆச்சிகிட்ட வந்து சொல்லு" என்று கூடவே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஓர் அப்பா: தினமும் இழுத்தவன் நிறுத்தி நாலு நாள் ஆச்சு. தூங்கவே இல்லை, எரிந்து விழுகிறான், சாப்பாடு இறங்கலை. மறுபடி எடுக்கிறானோ?

பதில்: நிறுத்தியதற்கான அடையாளமாகவே இது தெரிகிறது. ஓரிரு நாளில் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சம் போய், 2 முதல் 3 வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். தூக்கக் கோளாறும் கெட்ட கனவும் இன்னும் கொஞ்ச நாள் நீளலாம். நம் ஊரில் புகையிலை கலந்து சுருட்டுவது அதிகம். அப்படியானால் நிகோடின் ஏக்கமும் சேரும். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் கஞ்சாவை விட்டு சிகரெட்டில் நிற்பான்.

இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை 6.30க்கு எழுப்புங்கள். மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். போன் இரவு ஹாலில் இருக்கட்டும். சாயங்காலம் வியர்க்க ஓட்டமோ பந்தோ. கஞ்சி, இட்லி என்று சின்னச் சின்னதாகக் கொடுங்கள். பாட்டியின் தூக்க மாத்திரையில் பாதி உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அது அடுத்த பழக்கம். கஞ்சாவை நிறுத்த வைக்கும் தனி மாத்திரை என்று அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இல்லை. ஆலோசனைச் சிகிச்சைதான் வேலை செய்வது.

பெயர் வேண்டாம் என்ற ஓர் அம்மா: பையில் மாத்திரை அட்டை. டேபென்டடால் என்று போட்டிருக்கு. கஞ்சாவோட சேர்த்தா?

பதில்: இதற்குக் காத்திருக்காதீர்கள், நாளையே மனநல மருத்துவர். அது ஓபியாய்டு வகை, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி நிவாரணி. அளவு மிஞ்சினால் மூச்சு நின்றுவிடும். கஞ்சாவில் அந்த ஆபத்து இப்படி இல்லை. கரைத்து ஊசியில் ஏற்றினால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, கையில் சீழ்க்கட்டி. கை மடிப்பில் தழும்பு இருக்கிறதா பாருங்கள். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108.

திண்டுக்கல்லிலிருந்து ஓர் அண்ணன்: தம்பி ஆறு மாசமா தினமும். இப்ப "செல்போன்ல என்னை யாரோ கேக்குறாங்க"ங்கிறான். எங்க சித்தப்பாவுக்கு மனநோய் இருந்தது.

பதில்: குடும்பத்தில் அப்படி இருந்து, தினசரிக் கஞ்சாவும் சேர்ந்து, இப்போது சந்தேகமும் வந்திருக்கிறது. இந்த வாரமே மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு. வாதாடி அவன் எண்ணத்தை மாற்ற முயலாதீர்கள், தனியாக விடாதீர்கள். இரவில் அவசர ஆலோசனைக்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416.

கடலூரிலிருந்து ஓர் அப்பா: ஒரு மறுவாழ்வு மையம், வேனில் வந்து தூக்கிட்டுப் போய் 3 மாதத்தில் குணமாக்குவோம் என்கிறது. முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி 18க்கு உட்பட்டவரைச் சேர்க்க, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு நிபுணரும் தனித்தனியாகப் பரிசோதித்து அவசியம் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது. நீங்களோ நீங்கள் நியமித்தவரோ முழு நேரமும் உடன் தங்க வேண்டும். "30 நாள் பார்க்க வரக்கூடாது" என்ற வாசகத்தைக் கேட்டாலே எழுந்து வந்துவிடுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கஞ்சா மட்டும் என்றால் பெரும்பாலானோருக்குச் சேர்க்கையே தேவையில்லை, வாரம் ஒரு முறை வெளிநோயாளியாகப் போனால் போதும். அருகில் எங்கே என்று அறிய 14446 என்ற போதை மீட்பு உதவி எண் உண்டு.

சென்னையிலிருந்து ஓர் அப்பா: நான் தினமும் ரெண்டு பெக். இவனிடம் எந்த முகத்தோடு பேசுவது?

பதில்: அதே முகத்தோடுதான். "நானும் குறைக்கிறேன்" என்று தேதி சொல்லுங்கள். சொன்ன தேதியை அவன் காலண்டரில் பார்ப்பான், அது மட்டும் நிச்சயம்.

மதுரை அம்மா, மறுபடி: மேடம், பேசினோம். மாசம் ரெண்டு தடவைன்னு ஒத்துக்கிட்டான். இனி என்ன விதி போடறது? மறுபடி செஞ்சா?

பதில்: எட்டு வாரத்துக்கு ஒரு தாளில் எழுதுங்கள், அவன் கையெழுத்தில். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கைச்செலவு மாதப் பணமாக இல்லாமல் அன்றன்றைக்கு, ஜிபே கணக்கு உங்களுக்குத் தெரிய. இரவு 8க்குள் வீடு. வண்டிச் சாவி கிடையாது. உரிமம் இல்லாத மகனிடம் வண்டி கொடுத்தால் பெற்றோருக்கே தண்டனை உண்டு, அதனால் இது எப்படியும் இருக்க வேண்டிய விதி. நான்காவது உங்களுக்கானது: எந்த நேரம் எங்கிருந்து கூப்பிட்டாலும் வந்து கூட்டிப்போவோம், அன்று இரவு கேள்வி கேட்கமாட்டோம். இதை நீங்கள் ஒரு முறை மீறினால் தாள் முழுவதும் செத்துவிடும்.

பழைய கூட்டத்தை வெட்டச் சொல்வதற்கு முன், மாலை 5 முதல் 7 வரை அவனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். அந்த இரண்டு மணி நேரம் காலியாக இருக்கிற வரை அதே பசங்கதான்.

மறுபடி செய்தால் தாளில் முன்பே எழுதிய விளைவு மட்டும்: இரண்டு வாரம் வெளியே கிடையாது, ஆலோசகரிடம் ஒரு வருகை. கோபத்தில் புதிதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன ஆறு கேள்விகளை மறுபடி கேளுங்கள். மாதம் இரண்டு என்பது வாரம் இரண்டாகியிருந்தால் எட்டு வாரம் முடியக் காத்திருக்காமல் அந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.