கால்நடை கேள்வி – பதில்: எஸ்.என்.எஃப். ஏன் குறைகிறது? தயிர் ஏன் உறையவில்லை?

கலப்பினப் பசு ஒன்று தினம் 10 லிட்டர் கறக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் கலப்பதில்லை. கொழுப்பு 3.9 சதவீதம் இருந்தும் பால் சொசைட்டியில் எஸ்.என்.எஃப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) 7.8 என்றே வருகிறது. ஏன்?
– வாசகர், பெருந்துறை

தண்ணீர் சேராத பாலிலும் எஸ்.என்.எஃப். இறங்கும். பசும்பாலுக்குச் சட்டப்படி வேண்டியது கொழுப்பு 3.2, எஸ்.என்.எஃப். 8.3. உங்கள் மாட்டில் கொழுப்பு நன்றாக இருக்கிறது. எனவே தீவனத்தையும் மடியையும் பாருங்கள்.

கொழுப்புக்கு நார்ச்சத்து போதும், வைக்கோல் தின்றாலே நிற்கும். எஸ்.என்.எஃப். என்பது புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் சேர்ந்தது. மாட்டுக்கு மாவுச்சத்து போதாவிட்டால் முதலில் அடிவாங்குவது இதில் உள்ள புரதம்தான். 10 லிட்டர் கறக்கும் பசுவுக்கு உடலைத் தாங்க ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்று கணக்கிட்டால் தினம் ஐந்தரை கிலோ அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்தது) வேண்டும். கூடவே பசுந்தீவனம் 20 முதல் 25 கிலோ, தாது உப்புக் கலவை 50 கிராம். எஸ்.என்.எஃப். ஏறும் என்று சிலர் மிச்சச் சோற்றைக் குண்டான் குண்டானாக வைக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். வயிறு புளித்து மாடு அசைபோடுவதை நிறுத்தும், இருக்கிற கொழுப்பும் போய்விடும். தீவனத்தைக் கூட்டுவதானால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள்.

தீவனம் சரியாக இருந்தும் ஏறவில்லையென்றால் வெளியே தெரியாத மடிநோய் இருக்கலாம். மடி வீங்காது, பாலும் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பால் சர்க்கரை குறைந்து, ரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் இறங்கும். இதைக் கண்டுபிடிக்கத் துணி துவைக்கும் பவுடரே போதும். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் பவுடரைக் கரையுங்கள். நான்கு கிண்ணங்களில் எந்தக் கிண்ணம் எந்தக் காம்புக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியே விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்பிலிருந்தும் கொஞ்சம் பால் பீச்சி, அதே அளவு கரைசல் ஊற்றி 20 விநாடி சுழற்றுங்கள். தண்ணீராகவே ஓடினால் நல்லது. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி திரண்டு கிண்ணத்தை விட்டு வழுக்கி இறங்கினால் அந்தக் காம்பில் நோய் இருக்கிறது. நோய்க் கிருமியை எதிர்க்க வந்த வெள்ளணுக்களைச் சோப்பு உடைக்கிறது. அவற்றின் உள்ளிருக்கும் டி.என்.ஏ.தான் அப்படிக் கொழகொழவென்று திரள்கிறது. கன்று ஈன்ற முதல் வாரமும் பால் வற்றும் சமயமும் நல்ல மாட்டிலும் இப்படித் திரளும், அப்போது சோதிக்க வேண்டாம்.

திரண்ட காம்பைக் கடைசியாகக் கறங்கள். கறந்து முடித்ததும் நான்கு காம்புகளையும் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியின் 0.5 சதவீதக் கரைசலில் முக்கி எடுங்கள். பிறகு தீவனம் வைத்து மாட்டை அரை மணி நேரமாவது நிற்க வையுங்கள். கறந்தவுடன் காம்பின் துளை திறந்தே இருக்கும். உடனே சாணத்தில் படுத்தால் கிருமி நேரே உள்ளே போகும்.

தொடக்க நிலைக்கு மூலிகைப் பூச்சு உண்டு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் அரைத்து, ஒரு கைப்பிடி எடுத்து 150 மில்லி தண்ணீரில் கரைத்து, கழுவித் துடைத்த மடி முழுவதும் பூசுங்கள். நாளுக்கு எட்டுப் பத்து முறை, ஐந்து நாள். ஒவ்வொரு முறை பூசும் முன்பும் மடியைக் கழுவ வேண்டும். பாலில் கட்டி, ரத்தம் தெரிந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ பூச்சை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்.

பக்கத்து வீட்டில் வாங்கும் பசும்பால் இரண்டு நாளாக உறையவே இல்லை. அதே உறைமோர், அதே பாத்திரம். பால் கெட்டுவிட்டதா?
– வாசகி, திண்டிவனம்

அந்த மாட்டுக்கு ஊசி போட்டார்களா, காம்புக்குள் மருந்து ஏற்றினார்களா என்று கேளுங்கள். மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக் பாலில் இறங்கினால் தயிர் பாக்டீரியா வளராது. காய்ச்சினாலும் மருந்து முழுதாக அழியாது. ஒரு காம்புக்கு மட்டும் ஏற்றினாலும் ரத்தம் வழியாக மற்றக் காம்புகளின் பாலிலும் வரும் என்பதால், மருந்துச் சீட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும்வரை நான்கு காம்புப் பாலையும் விற்கக் கூடாது, வீட்டிலும் குடிக்கக் கூடாது. மருந்து போடவில்லை என்றால் சூட்டைப் பாருங்கள்: 40 முதல் 43 டிகிரி, ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உறைமோர்.

மழையில் கடலைப் பிண்ணாக்கில் பச்சையாகப் பூஞ்சை படிந்துவிட்டது. துடைத்துக் காயவைத்துப் போடலாமா?
– வாசகர், விருத்தாசலம்

போடாதீர்கள். காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும். அது ஏற்கெனவே உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நச்சு பிண்ணாக்கிலேயே இருக்கும். மாடு தின்ற ஒரே நாளில் அது எம்1 என்ற வடிவில் பாலுக்கு வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் பாஸ்டரைஸ் செய்தாலும் போகாது. கல்லீரலைக் கெடுக்கும் நச்சு இது. குழந்தைகள் தினமும் குடிக்கும் பாலில் இது சேர விடலாமா? பாலில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியச் சட்டம். ஆறுதலான செய்தி, கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாளில் பால் தெளிந்துவிடும். இனி மூட்டையைத் தரையில் வைக்காமல் மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி அடுக்குங்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்குமேல் போதுமளவு வாங்கி வைக்காதீர்கள்.

நெல் வைக்கோல் நிறைய இருக்கிறது. யூரியா தெளித்தால் சத்து கூடும் என்கிறார்கள். ஆபத்தில்லையா?
– வாசகர், மன்னார்குடி

முறையாகச் செய்தால் ஆபத்தில்லை. வைக்கோலில் 3 சதவீத அளவில் இருக்கும் புரதம் ஏறக்குறைய 7 ஆகும், செரிப்பதும் கூடும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் ஒரு குருணைகூட மிஞ்சாமல் கரையுங்கள். வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் பூவாளியால் சீராகத் தெளித்து, மிதித்து இறுக்கி, பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் விடுங்கள். காற்று புகுந்தால் யூரியாவிலிருந்து உண்டாகி வைக்கோலைப் பதப்படுத்தும் அமோனியா வெளியேறி வைக்கோல் பூஞ்சை பிடிக்கும். தினமும் தேவையானதை மட்டும் எடுத்து, நெடி அடங்க ஒரு மணி நேரம் உதறிப் போட்டபின் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடாது. யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். மிச்சக் கரைசலைக் குடித்த மாடு சில மணி நேரத்துக்குள் செத்துப்போகும்.