கேட்ஸ் விட்டுவிட்டார், நானும் விடலாமா?

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் நடத்துவதைவிட நன்றாக இணையத்தில் இலவசமாகவே சொல்லித்தருகிறார்கள். பில் கேட்ஸ், மார்க் ஸக்கர்பெர்க் எல்லாம் பாதியில் விட்டவர்கள்தானே? ஒரு காகிதத்துக்காக மிச்ச வருடங்களையும் வீணாக்க வேண்டுமா?

பதில்: கேட்ஸ் கல்லூரியை விட்டார் என்று சொல்கிற யாரும், விடுவதற்கு முன்னால் அவர் அங்கே என்ன செய்தார் என்று கேட்பதில்லை. 1973-ல் ஹார்வர்டில் சேர்ந்தார். பேராசிரியர் ஹாரி லூயிஸ் வகுப்பில் ஒரு கணக்கைச் சொன்னார்: சிறிதும் பெரிதுமாகக் கலைந்து கிடக்கிற ஓர் அடுக்கை, மேலிருந்து ஒரு பகுதியை மட்டும் சேர்த்துப் புரட்டிப் புரட்டியே அளவுப்படி வரிசையாக்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை தடவை புரட்ட வேண்டியிருக்கும்? கேட்ஸ் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு லூயிஸிடம் போய்ச் சொன்னார். அங்கே இளம் ஆசிரியராக இருந்த கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியோவும் சேர்ந்துகொள்ள, 1979-ல் இருவர் பெயரிலும் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஏறக்குறைய 30 ஆண்டுகள் அதைவிட நல்ல விடையை யாரும் தரவில்லை. 1975-ல் கேட்ஸும் அவர் நண்பர் பால் ஆலனும் எழுதிய, மைக்ரோசாஃப்டின் முதல் மென்பொருள் உருவானதும் ஹார்வர்டின் கணினியில்தான். நீங்கள் உதாரணம் காட்டுகிற ஆள், கல்லூரி தரக்கூடியதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர். நீங்கள் இதுவரை என்ன வாங்கியிருக்கிறீர்கள்?

காகிதம் என்கிறீர்கள். மருத்துவம், சட்டம் போன்ற தொழில்களில் அந்தக் காகிதம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. பல வேலைகளுக்கு விண்ணப்பத்தில் முதலில் கேட்பதே அதைத்தான். அதைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

இணையத்தில் பாடம் கிடைக்கிறது என்பது உண்மைதான். நல்ல பாடங்களே கிடைக்கின்றன. ஹார்வர்டும் அமெரிக்காவின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யும் சேர்ந்து இணைய வகுப்புகள் தொடங்கியபோது, முதல் ஆண்டில் சுமார் 8.4 லட்சம் பதிவுகள் வந்தன. முடித்துச் சான்றிதழ் வாங்கியவை சுமார் 43 ஆயிரம். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்களும் அதில் நிறைய இருந்தார்கள், அதனால் எல்லோரையும் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாடம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வேறு, அதை உட்கார்ந்து முடிப்பது வேறு. நேரம், தேதி, பக்கத்தில் நாலு பேர், தேர்வு என்ற கெடு, இதெல்லாம் இல்லாமல் தானாகவே முடிக்கிறவர்கள் குறைவு. நீங்கள் அப்படிப்பட்டவரா என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். இதுவரை எத்தனை இணையப் பாடங்களை முடித்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கிற தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள ஊசல், நிறுத்துக் கடிகாரம், 20 அலைவுக்கு எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். விடை 9.8 வர வேண்டும் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். ஒரு மாணவருக்கு 10.9 வருகிறது. உடனே பக்கத்து மேஜை ரீடிங்கைப் பார்த்து எழுதுகிறார், இல்லாவிட்டால் 9.8-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நேரத்தை நிரப்புகிறார். ரெக்கார்டில் கையெழுத்து விழுந்துவிடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். எனக்கு மட்டும் ஏன் 10.9 என்று அவர் நின்று கேட்டிருந்தால்? ஊசல் குண்டை விட்ட நொடியிலேயே ‘ஒன்று’ என்று எண்ண ஆரம்பித்தது தெரிந்திருக்கும். ‘பூஜ்யம்’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். அவர் இருபது என்று எண்ணியது உண்மையில் 19 அலைவு. ஓர் அலைவுக்கான நேரம் 5 சதவீதம் குறைந்துவிட்டது. சூத்திரத்தில் நேரம் வர்க்கமாக வருவதால், விடையில் பிழை 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. இவ்வளவும் அந்தத் தப்பான ரீடிங்கிற்குள்ளேயே இருந்தது. சரியான விடையை எழுதி அதை அழித்துவிட்டார்.

நீங்கள் தப்பாக எண்ணுவதைக் காணொளி பார்க்காது. பக்கத்தில் நிற்கிறவர் பார்ப்பார். கல்லூரியில் காசு கொடுத்து வாங்குவது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஆசிரியர்கள் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்பீர்கள். பலர் பார்ப்பதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது அவர்கள் செய்கிற பெரிய அநியாயம். ஆனால் திருத்திய விடைத்தாளை எடுத்துக்கொண்டு போய், “இந்தக் கேள்விக்கு ஏன் பாதி மார்க்? எங்கே விட்டேன்?” என்று ஒருவரிடமாவது கேட்டீர்களா? மார்க் போடச் சொல்லிச் சண்டை பிடிக்க அல்ல, எங்கே சறுக்கினோம் என்று தெரிந்துகொள்ள. நாலு பேரிடம் கேட்டால் ஒருவர் உட்கார வைத்துப் பேசுவார். அந்த ஒருவர் போதும். நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரக்கூடியவரும் அவர்தான், உங்கள் முகமே தெரியாதவர் அல்ல.

படிக்கிற முறையையும் ஒரு தடவை பாருங்கள். 2006-ல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, அப்புறம் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதி எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் குழு முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முதல் குழுவுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, இரண்டாவது குழுவுக்கு 61. தேர்வுக்கு முந்தின இரவு விழுந்து விழுந்து படிப்பவர்களுக்கு எதுவும் தங்காமல் போவதில் ஆச்சரியமே இல்லை.

சரி, இதற்குப் பிறகும் விடுவதென்றே முடிவு செய்தால், அல்லது வீட்டு நிலைமையே உங்களை வெளியே தள்ளினால், வகுப்புக்குப் போவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடாதீர்கள். அலுவலகத்தில் போய், இடைவெளி விட்டுத் திரும்பிச் சேர வழி இருக்கிறதா, இதுவரை எழுதிய தாள்கள் செல்லுமா என்று விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ஸ்கூட விடுப்பு எடுத்துக்கொண்டுதான் போனார்.