ஐந்து லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் வாங்கும்போது, குறைந்த கிலோமீட்டர் ஓடிய வண்டியாகப் பார்த்து வாங்கினால் போதுமா?

போதாது. இது உங்கள் முதல் கார் என்றும், “அடுத்தவன் கழித்துவிட்டதை நாம் ஏன் தலையில் கட்டிக்கொள்ள வேண்டும்?” என்று வீட்டில் யாரோ ஒருவர் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார் என்றும் ஊகிக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான் நடந்தது. நான் மெக்கானிக் அல்ல. கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆகவே இந்தப் பதிலில் எஞ்சினைவிடக் காகிதங்கள்தாம் அதிகம் வரும். அதைக் குறையாகச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

2024இல் மதுரையில் ஒரு தரகர் எனக்குக் காட்டிய முதல் வண்டி, சென்னைப் பதிவெண் கொண்ட 2018ஆம் ஆண்டுப் பெட்ரோல் கார். மீட்டரில் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை. மெருகேற்றிய டேஷ்போர்டில் முகம் பார்க்கலாம் போலிருந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அந்த வண்டியின் நான்கு டயர்களிலும் இறுதி இலக்கங்கள் 23 என்று முடிந்தன. இவ்வளவு குறைவாக ஓடிய வண்டிக்கு டயர் ஏன் மாறியது என்று கேட்டேன். ஐந்தாண்டு ஆனதால் மாற்றினார்கள் என்றார். அது நியாயமான பதில்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தபோது, வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசிச் சாண் நீளம் விறைத்துப்போய், குறுக்கே ஒரு செம்பழுப்புக் கோடு படிந்திருந்தது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் இருந்த தகட்டு மடிப்பில் மெல்லிய வண்டல். இரண்டும் வண்டி வெள்ளத்தில் நின்றதற்கான அடையாளங்கள். அதற்குத் தரகரிடம் பதில் இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்ற வண்டியின் எஞ்சினைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம். தரைவிரிப்புக்குக் கீழே ஓடும் ஒயர்களின் கனெக்டர்களில் ஏறிய துரு மாதங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஒருநாள் ஏர்பேக் விளக்கு எரியும், மறுநாள் பவர் விண்டோ இறங்காது, எதனால் என்று எந்த மெக்கானிக்காலும் ஒரே நாளில் சொல்ல முடியாது.

நான் கடைசியில் வாங்கியது, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வைத்திருந்த 2015 வேகன் ஆர். எண்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டி என்று கேட்டதும் உறவினர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் ஒரு கோப்பு கொடுத்தார். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும் தேதியும் மீட்டர் எண்ணும் அச்சாகியிருக்கும் என்பதால், அவற்றை வரிசைப்படுத்தினால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பது தானாகவே தெரிந்துவிடும். எஞ்சின் ஆயில் ஆண்டுதோறும் மாறியிருந்தது. பிரேக் ஆயிலும் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் உரிய காலத்தில் மாறியிருந்தன. கிளட்ச் பிளேட் மாற்றியதற்கும் பில் இருந்தது. ஓடாமல் நிழலில் நின்ற வண்டியைவிட, ஒழுங்காக ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வண்டி மேல் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் ஆயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பாட்டரி தானாக இறங்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். இவை போதாதென்று எலி ஒயரைக் கடிக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது, நீங்கள் வருவதற்குமுன் எஞ்சினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் சத்தமும் புகையும் உண்மையைச் சொல்லும்: நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது; வெள்ளைப் புகை சற்று நேரத்தில் அடங்காமல் தொடர்ந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் அது ஒருமுறை கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அதன்பின், விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியை மிச்சப்படுத்த நினைப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியவை பெரிய வித்தை அல்ல. உங்கள் ஐந்து லட்சத்தில் பத்தில் ஒரு பங்கை முதல் ஆண்டுச் செலவுக்கென்று ஒதுக்கிவிட்டு மீதத்துக்கு வண்டி தேடுங்கள். ஆயிலைப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இரண்டில் எது முன்னதோ அப்போது மாற்றுங்கள். பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒருமுறை. என் வேகன் ஆரின் எஞ்சினில், உள்பாகங்களை இசைந்து இயங்க வைக்கும் டைமிங் செயின் இருக்கிறது. ஆனால் பழைய சான்ட்ரோ போன்ற வண்டிகளில் அதற்குப் பதிலாகக் காலப்போக்கில் தேயும் டைமிங் பெல்ட் உண்டு, அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு உடனே மாற்றிவிடுங்கள்.

இனி என் வயிற்றெரிச்சல். என் முந்தைய காரை ஒரு விற்பனைக் கடையில் கொடுத்தபோது, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டவர்கள் பெயர் மாற்றாமலேயே வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். நான் கண்ணால் பார்த்திராத ஊரில் அதிவேகத்துக்கும் தவறான இடத்தில் நிறுத்தியதற்கும் அபராதச் செய்திகள் என் கைப்பேசிக்கு வந்தன. கேட்டால் “வாங்கியவர் செய்துகொள்வார் சார்” என்ற ஒரே பதில். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் கைமாறியதை வாகனப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. இது விற்றவனுடைய கவலை, வாங்கும் எனக்கென்ன என்று நீங்கள் நினைக்கலாம். நாளை நீங்களும் அந்த வண்டியை விற்பீர்கள்.

வாங்குபவருக்கும் இதில் கண்ணி உண்டு. ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35உம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நிலுவையில் உள்ள அபராதங்களை அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காமல் போகலாம். முந்தையவர் கிளெய்ம் செய்யாததற்காகப் பெற்ற தள்ளுபடி அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. அந்த வித்தியாசத் தொகையை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.