மலையில் ஓடும் காருக்கு மெஷின் வாஷ் சரிவருமா?

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். கருநீல நிறக் கார், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. வேலையாக வாராவாரம் கோவை போய் வருகிறேன். அங்கே பிரஷ் சுழலும் ஆட்டோமேட்டிக் வாஷில் பத்து நிமிடத்தில் கழுவிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. வீட்டிலேயே கையால் கழுவினால் சரியாகிவிடுமா?

பதில்: உங்கள் வண்டிக்குக் கை வாஷ்தான் நல்லது. ஆனால் கையால் கழுவினாலே கோடு விழாது என்று நினைக்க வேண்டாம். காலையில் பனி ஈரத்தோடு நிற்கும் வண்டியைப் பழைய பனியன் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கிளம்புவது மலையில் பலருக்கும் பழக்கம். பிரஷ் மெஷினைவிட அது மோசம்.

நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 40, 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுதான். நம் ஊர்ச் செம்மண் காய்ந்தால் விரலுக்கு மென்மையாகத்தான் படும். அதற்குள் கலந்திருக்கும் பொடி மணல்தான் அந்தப் பூச்சைக் கீறுகிறது. மெஷின் பிரஷ்ஷில் உங்களுக்கு முன்னால் போன வண்டியின் மண்ணும் ஒட்டியிருக்கும். வெள்ளை, சில்வர் வண்டிகளில் கோடு கண்ணில் படாது. கருநீலத்தில் ஒன்றுகூட மறையாது. பிரஷ் இல்லாமல் தண்ணீரை மட்டும் பீய்ச்சும் மெஷின் கிடைத்தால் தாராளமாக விடலாம். தேய்க்காமலே அழுக்கை எடுக்க வேண்டியிருப்பதால் அதில் கொஞ்சம் காரமான சோப்பு போடுவார்கள். அடிக்கடி விட்டால் கிளியர் கோட்டுக்கு மேல் போடும் மெழுகுப் பூச்சு சீக்கிரம் போய்விடும், அவ்வளவுதான்.

ஆக, மண்ணை முதலில் ஊறவைத்து இறக்க வேண்டும், அதுவரை துணி வண்டியைத் தொடக் கூடாது. நிழலில் நிறுத்தி, கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடம் ஊறட்டும், அப்புறம் இன்னொரு முறை விடுங்கள். இரண்டு பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் மைக்ரோஃபைபர் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். முடிக்கும்போது வெறும் தண்ணீர்ப் பக்கெட்டின் அடியில் கை விட்டுப் பாருங்கள், நறநறவென்று மண் தட்டும். அது அத்தனையும் பெயிண்டில் தேய்ந்திருக்க வேண்டியது. பாத்திரம் கழுவும் லிக்விட் வேண்டாம், மெழுகை உரித்துவிடும். சக்கரத்துக்கும் கதவின் கீழ்ப் பகுதிக்கும் தனித் துணி வையுங்கள். ஓஸைத் திறந்தபடி விடாமல் பக்கெட்டில் மொண்டு ஊற்றினால் நாலைந்து பக்கெட்டில் வேலை முடிந்துவிடும். கோடையில் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இதையும் பார்க்க வேண்டும். ஓடையோரம் நிறுத்திக் கழுவுவது மட்டும் கூடவே கூடாது. வண்டியிலிருந்து வழியும் எண்ணெயும் சோப்பும் கீழே யாரோ குடிக்கும் தண்ணீரில்தான் போய்ச் சேரும்.

வீட்டில் செய்ய முடியாதது அடிப்பகுதி. மழைக்காலத்தில் மட்கார்டு உள்பக்கம் அப்பிக்கொள்ளும் சேறு நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அதற்கு மாதம் ஒருமுறை லிஃப்டில் ஏற்றி வாட்டர் சர்வீஸ் விடுங்கள். அடியில் டீசல் அடிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெட்டுப்போகும், மேலே தூசியும் ஒட்டும். கதவைத் திறந்து அதன் அடி விளிம்பில் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன ஓட்டைகள் தட்டுப்படும். கண்ணாடி வழியே இறங்கும் தண்ணீர் வெளியேற வைத்தவை அவை. மண் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். கதவு உள்ளிருந்து துருப்பிடிப்பது பெரும்பாலும் இந்த அடைப்பால்தான்.

மலை இறங்கியதும் மேட்டுப்பாளையத்திலேயே வாட்டர் சர்வீஸ் விடுவதாக இருந்தால் அரை மணி நேரம் பொறுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்து இறங்கிய டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வளைந்துபோகலாம், அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும்.

வீட்டில் கழுவுவதைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் கழுவினால் மூடுபனியில் எதுவும் காயாது. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு இரவு முழுக்க நிறுத்தினால் பின்சக்கர பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளலாம். கழுவி முடித்ததும் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக்கை லேசாக அழுத்தி அழுத்திக் காயவையுங்கள். சமமான இடமாக இருந்தால் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாக கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஏற்கெனவே விழுந்த கோடுகளை நகத்தால் மெதுவாக வருடிப் பாருங்கள். நகம் சிக்காவிட்டால் மெஷின் பாலிஷில் பெரும்பாலும் போய்விடும். பாலிஷ் என்பது கிளியர் கோட்டைக் கொஞ்சம் தேய்த்து எடுப்பதுதான். அதனால் சர்வீஸ் விடும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் போடச் சம்மதிக்காதீர்கள். முதலில் கழுவும் முறையை மாற்றுங்கள், இரண்டு மாதம் கழித்துப் புதுக் கோடு விழவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு தடவை பாலிஷ் போட்டுக்கொள்ளுங்கள்.